நாயோடு காரிலும் நடையிலும்: ஓசூர் முதல் தொப்பூர் வரை

நாயைக் காரில் அழைத்துப் போகிறவர்கள் சாலையை நினைத்துப் படுகிற கவலையில் பாதியைக்கூடக் கதவை நினைத்துப் படுவதில்லை. தேசிய நெடுஞ்சாலை 44-இல் காவேரிப்பட்டணம் பக்கம் டீ குடிக்க நிறுத்துகிறோம், பின் கதவைத் திறக்கிறோம். இரண்டு மணி நேரம் அடைந்து கிடந்த நாய் ஒரே பாய்ச்சலில் தார் ரோட்டுக்குப் போய்விடுகிறது. அந்தச் சாலையில் கிரானைட் லாரி பிரேக் பிடித்து நிற்க எத்தனை தூரம் வேண்டும் என்று நமக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. ஆகவே முதல் விதி இது: வாசலைத் தாண்டியது முதல் வீடு திரும்பும் வரை நாயின் உடம்பில் ஏதாவது ஒரு கொக்கி மாட்டியே இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றும் முன் இன்னொன்றை மாட்டிவிட வேண்டும்.

இறக்கும்போது இந்த வரிசையை மாற்றாதீர்கள்:

1. சாலையோரத்தில் நிறுத்தாமல் பெட்ரோல் பங்க், ஓட்டல் வளாகம் போல உள்ளே தள்ளிய இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். நாய் உட்கார்ந்திருக்கும் பக்கம் சாலைக்கு எதிர்ப்புறமாக, பெரும்பாலும் இடப்பக்கமாக, இருக்கட்டும்.
2. இன்ஜினை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றுங்கள். இருவர் இருந்தால் ஒருவர் காருக்குள் இருந்தபடியே நாய்க்குக் கயிற்றை மாட்டட்டும்.
3. தனியாகப் போனால் உங்கள் கதவை மூடிவிட்டுச் சுற்றி வந்து, இடப்பக்கப் பின் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, முழங்காலால் இடைவெளியை அடைத்துக்கொண்டு கையை உள்ளே விடுங்கள். முதலில் நடைக் கயிற்றை மாட்டுங்கள், பிறகுதான் சீட் பெல்ட் கொக்கியைக் கழற்றுங்கள்.
4. கதவு முழுக்கத் திறந்த பிறகும் நாய் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன பிறகுதான் குதிக்கலாம்.

நான்காவது படி ரோட்டில் கற்றுத்தருகிற விஷயம் இல்லை. வீட்டு கேட்டிலேயே பழக்குங்கள். "இரு" என்று சொல்லிக் கேட்டைத் திறப்பது, நாய் எழுந்தால் உடனே மூடுவது, அசையாமல் இருந்தால் ஒரு துண்டு தீனி கொடுத்து வெளியே அழைப்பது. தினமும் நடைக்குக் கிளம்பும்போது இதையே செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான நாய்களுக்குப் பிடிபட்டுவிடும்.

அப்படியும் கைநழுவி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் நாய்க்கு அது விளையாட்டு. பயந்த நாயாக இருந்தால் இன்னும் தூரம் ஓடும். ரோட்டைவிட்டு விலகி நான்கு அடி நகர்ந்து, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வழக்கமான குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தீனிப் பையைக் கசக்கும் சத்தம் பல நேரம் பெயரைவிட நன்றாக வேலை செய்யும். கழுத்துப் பட்டையில் உங்கள் கைபேசி எண் பொறித்த தகடு இருக்கட்டும். பேனாவில் எழுதிய எண் ஒரு மழையில் அழிந்துவிடும்.

எதில் கட்டுவது

கழுத்துப் பட்டையைச் சீட் பெல்ட்டோடு கட்டக் கூடாது. வண்டி திடீரென்று நின்றால் உடம்பின் முழு எடையும் கழுத்தில் விழுந்து மூச்சுக்குழலோ கழுத்தெலும்போ நொறுங்கும். காருக்கு ஹார்னஸ், அதாவது நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பட்டை, வேண்டும். கடையில் பாடி பெல்ட் என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இயற்பியலே சொல்லிவிடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதினால் கட்டப்படாத நாய் முன்னால் போய் இடிப்பது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் 80 என்றால் அது 25 மீட்டர் உயரம். அந்த வழியில் உங்கள் பின்னந்தலை இருந்தால் அடி உங்களுக்கும்தான்.

அளவு எடுக்க, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப்பை வையுங்கள். கழுத்தின் அடிப்பகுதியையும் அளந்துகொள்ளுங்கள். போட்ட பிறகு பட்டைக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் தளர்வு. நெஞ்சுப் பட்டை அகலமாக இருப்பது நல்லது, மோதலில் விசை பரவி விழும். சீட் பெல்ட்டோடு இணைகிற வளையமும் கொக்கியும் இரும்பாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கிளிப் நடைக்குத் தாங்கும், மோதலுக்குத் தாங்காது. அட்டைப்பெட்டியில் கார் படம் போட்டிருப்பதால் மட்டும் அது மோதல் சோதனை செய்யப்பட்டது என்று ஆகிவிடாது. சோதித்த விவரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி நாய்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். நெஞ்சு ஆழம், இடுப்பு குறுகல், தலை கழுத்தை விடப் பெரிதில்லை. பின்னால் ஒரு இழு இழுத்தால் சாதாரணப் பட்டை தலைவழியே கழன்று வந்துவிடும். இவற்றுக்கு வயிற்றுப் பக்கம் இன்னொரு பட்டை உள்ள ஹார்னஸும், இழுத்தால் அளவோடு இறுகுகிற மார்ட்டிங்கேல் கழுத்துப் பட்டையும் சரியாக இருக்கும். தோல் மெல்லியது என்பதால் அக்குளில் உரசிப் புண்ணாகிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பாருங்கள்.

நாய்க்கு இடம் பின் சீட்தான். முன் சீட்டில் ஏர்பேக் விரியும் வேகம் நாயைக் கொன்றுவிடும். இணைப்புப் பட்டையின் நீளம் நாய் எழுந்து உட்காரவும் படுக்கவும் போதும், முன் சீட்டை எட்டக் கூடாது. நடுத்தர நாய்க்கு ஒன்று, ஒன்றரை அடியில் அடங்கிவிடும். பெட்டியில் வைத்துப் பழகிய நாய்க்குப் பெட்டி இன்னும் நல்லது. உள்ளே நிற்க, திரும்ப, படுக்க இடம் இருந்தால் போதும். ஆனால் அந்தப் பெட்டியையே சீட்டோடு கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாயோடு சேர்ந்து அதுவும் பறக்கும்.

மடியில் வைத்து ஓட்டுவது பார்க்க அழகு, அவ்வளவுதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக எதையும் வைத்துக்கொள்வதைத் தடை செய்கிறது. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்ட விடுவதும் வேண்டாம். மணல், ஜல்லி, கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் போகிற வழி இது. ஒரு சிறு கல் கண்ணைப் பறித்துவிடும். மூன்று விரல் இடைவெளி விட்டால் மோப்பம் பிடிக்கப் போதும். பவர் விண்டோவைப் பூட்டி வையுங்கள். நாயின் பாதம் பொத்தானை மிதித்துக் கண்ணாடி ஏறிக் கழுத்து மாட்டியது உண்டு, கண்ணாடி இறங்கி நாய் குதித்ததும் உண்டு. சைல்டு லாக்கும் போட்டுவிடுங்கள்.

நம் பக்கம் டாடா ஏஸ், பிக்கப் வண்டிகளின் பின்னால் காவல் நாயைக் கழுத்தில் கட்டி ஏற்றிப் போகும் பழக்கம் இருக்கிறது. இதில்தான் கொடுமையான சாவு நடக்கிறது. நாய் பக்கவாட்டில் குதிக்கும், கயிறு தரையை எட்டாது, ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. தோட்டத்துக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால் கேபினுக்குள் ஆள் பிடித்துக்கொள்ளட்டும், அல்லது இறுகக் கட்டிய கூண்டில் ஏற்றுங்கள். ஸ்கூட்டர் முன்தட்டில் நிற்க வைத்து, கயிற்றை ஹேண்டில்பாரில் சுற்றிப் போவதும் இதே ரகம். ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பைக் பக்கத்தில் ஓடவிட்டுப் பயிற்சி கொடுப்பவர்கள், கயிறு சக்கரத்தில் சிக்கினால் இருவரும் விழுவோம் என்பதையும், நாய் களைத்தாலும் நிற்காமல் உங்களோடு ஓடப் பார்க்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வாந்தியும் வயிறும்

கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். சாதாரண நாளில் நாய்க்குக் கிலோ எடைக்கு 50–60 மில்லி தண்ணீர் வேண்டும். 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குக் குறையாது, வெயிலில் அதைவிடக் கூடுதல். வாந்திக்கு முன் எச்சில் ஒழுகும், கொட்டாவி வரும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்திலேயே நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கவிட்டால் பல நாய்களுக்குச் சரியாகிவிடும். குட்டிகளுக்கு இது அதிகம். வளர வளரக் குறையும். தொப்பூர்க் கணவாயின் வளைவுகளிலும் வத்தல்மலை ஏற்றத்திலும் நன்றாக இருக்கிற நாய்கூடத் தடுமாறும், அங்கே வேகத்தைக் குறைப்பதே முதல் மருந்து. மனிதர்களுக்கு வாங்கிய வாந்தி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். நாய்க்கென்று மாரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது. எடை பார்த்து அளவு சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டும் நாய்க்கு விஷமாகலாம்.

கார் என்றாலே நடுங்கும் நாயை நேராக நெடும்பயணத்துக்கு ஏற்றாதீர்கள். முதலில் நிற்கும் காரில் சாப்பாடு வையுங்கள். அடுத்து இன்ஜினை மட்டும் ஓடவிடுங்கள். அடுத்து தெரு முனை வரை, பிறகு பத்து நிமிடம். நடுக்கம் தெரிந்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். ஊசி போடப் போகும்போது மட்டுமே காரில் ஏற்றினால் எந்த நாயும் காரை வெறுக்கத்தான் செய்யும்.

வெயில்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் ஏறத்தாழ அதில் பாதி. ஒகேனக்கல் இன்னும் பள்ளம். பெங்களூருவிலோ ஓசூரிலோ வளர்ந்த லாப்ரடாரும் ஹஸ்கியும் சித்திரை மாதம் ஒகேனக்கல் பார்க்க இறங்கும்போது, இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு பழகாத வெப்பத்துக்குள் நுழைகின்றன. ஒரு நாயின் உடல் புது வெப்பத்துக்குப் பழகப் பல நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் (மூச்சிரைத்துத்தான்) சூட்டை வெளியேற்ற வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களால் அதையும் சரியாகச் செய்ய முடியாது. இவற்றை ஏப்ரல், மே மதியங்களில் வெளியூர் கூட்டிப் போகாமல் இருப்பதே நல்லது.

நிறுத்திய காரில் நாயை விட்டுப் போகாதீர்கள். வெளியே 35 டிகிரி என்றால் பத்து நிமிடத்தில் உள்ளே 45-ஐத் தொடும், அரை மணியில் 50-ஐத் தாண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. புளியமர நிழலும் அரை மணியில் நகர்ந்துவிடும். ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பிப் போவதும் ஆபத்து. இன்ஜின் நின்றுபோனால் உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஓட்டலில் சாப்பிட வேண்டும் என்றால் ஆள் மாற்றி ஆள் சாப்பிடுங்கள், தனியாகப் போனால் பார்சல் வாங்குங்கள்.

நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 106-ஐ நெருங்கினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். அடங்காத இளைப்பு, நாக்கும் ஈறும் கடுஞ்சிவப்பாவது, கட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி: இவை தெரிந்தால் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனை. நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரையோ பாட்டில் தண்ணீரையோ உடம்பு முழுக்க, முக்கியமாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும், ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், சிறிது நேரத்தில் அதுவே சூடாகிச் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். வாயில் தண்ணீரைத் திணிக்க வேண்டாம். தானாக நக்கினால் நக்கட்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து 103-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் பாதித்தது அடுத்த நாள்தான் வெளியே தெரியும்.

நடை

கோடையில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். மாலையில் சூரியன் இறங்கினாலும் தார் ரோடு சூட்டை விடாது. புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும். மண் பாதை இருந்தால் அதையே எடுங்கள். ஆனால் மண் பாதையில் நெருஞ்சியும் வேலிக்காத்தான் முள்ளும் உண்டு. நடுவில் நொண்டினால் உடனே நிறுத்தி விரலிடுக்கைப் பாருங்கள். முள் ஆழமாக ஒடிந்திருந்தால் தோண்டாதீர்கள், சீழ் பிடிக்கும் முன் மருத்துவரிடம் போங்கள்.

கயிறு ஐந்து, ஆறு அடி நீளத்தில் ஒரே அளவாக இருக்கட்டும். இழுத்தால் நீளும் கயிறு ரோட்டோரத்துக்கு உதவாது. நாய் பதினைந்து அடி தள்ளி நடு ரோட்டில் நிற்கும்போது உங்கள் கையில் பிளாஸ்டிக் டப்பா மட்டும்தான் இருக்கும். கயிற்றின் வளையத்தைக் கட்டை விரலில் மாட்டி, உள்ளங்கைக்குள் மடித்துப் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றினால் பெரிய நாய் இழுக்கும்போது எலும்பு முறியும். வண்டிகளுக்கும் நாய்க்கும் இடையில் நீங்கள் நடங்கள்.

தெருநாய்கள் சூழ்ந்தால் ஓடாதீர்கள், உங்கள் நாயைத் தலைக்கு மேல் தூக்கவும் செய்யாதீர்கள். அவை உங்கள் மேல் பாயும். நாயை உங்களுக்குப் பின்னால் தள்ளி, கம்பால் தரையைத் தட்டி, முகத்தைக் காட்டியபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள். அவற்றின் எல்லை முடிந்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். கடி பட்டால், உங்களுக்கோ நாய்க்கோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். நாய்க்கு ஏற்கெனவே வெறிநோய் ஊசி போட்டிருந்தாலும் கடிக்குப் பிறகு மறுபடி போட வேண்டும், அன்றே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கும் அரசு மருத்துவமனையில் அன்றே ஊசி. குட்டிகளைத் தெருவில் இறக்குவதற்கு அவசரம் வேண்டாம். குட்டிப் பருவத் தடுப்பூசிகளில் கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகட்டும், ஏனென்றால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஆனி பிறந்தால் கிருஷ்ணகிரியில் மாங்கொட்டை இல்லாத தெரு இல்லை. சப்பிய கொட்டையை நாய் அப்படியே விழுங்கிவிடும். அது குடலில் போய் அடைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை மறுப்பது, மலம் போகாமல் இருப்பது, வயிற்றைத் தொட்டால் சுருங்குவது: இவை கொட்டை விழுங்கிச் சில நாள் கழித்தும் வரலாம். ஸ்கேனில் பார்த்துப் பல நேரம் அறுவை சிகிச்சைதான் செய்ய வேண்டியிருக்கும். விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாளை வீணாக்காதீர்கள். தக்காளி, ரோஜாத் தோட்டங்களின் வரப்பில் மருந்து அடித்த நாட்களில் நடக்க வேண்டாம். நடந்தால் பாதத்தை நக்கும் முன் கழுவிவிடுங்கள். பொங்கலை ஒட்டி எருது விடும் விழா நடக்கிற ஊர்களில் அன்று நாயை வெளியே எடுக்கவே கூடாது. கூட்டம், பம்பைச் சத்தம், ஓடி வரும் எருது மூன்றையும் எந்த நாயும் தாங்காது.

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி, பென்னாகரம் காட்டோரங்கள் வேறு உலகம். ராகி அறுவடை நேரத்தில் பன்னேருகட்டா காட்டுப் பக்கமிருந்து யானைகள் இறங்கும். நாய் யானையைப் பார்த்துக் குரைக்கும், யானை திரும்பினால் நேராக உங்களிடமே ஓடி வரும், பின்னாலேயே யானையும் வரும். அந்த மாதங்களில் குளிர்தான், வெயிலுக்குப் பயந்து இருட்டில் கிளம்பத் தேவையில்லை. நன்றாக விடிந்து எட்டு மணிக்கு மேல், ஊருக்குள்ளேயே நடங்கள். அந்தி நேரச் சிறுத்தைக்கு நாய் எளிய இரை. காட்டுப்பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடியை, நாய் கடித்தால் தாடையே சிதறிவிடும், திருட்டு மின்வேலியும் அங்கங்கே இருக்கிறது. அதனால் காட்டோரத்தில் கயிற்றை ஒருபோதும் அவிழ்க்காதீர்கள். கீழே கிடப்பதையெல்லாம் வாயில் போடும் நாய் என்றால் இளைக்க இடம் விடுகிற கூடை வடிவ வாய்ப்பூட்டு போடுங்கள். காவிரி வடக்கு, தெற்கு சரணாலயங்களுக்குள் நாயைக் கொண்டுபோக வேண்டாம்; காட்டு விலங்குகளுக்கு நம் நாயின் நோயும் ஆபத்து.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாதீர்கள். தூக்கிக்கொண்டு போய் வண்டியில் படுக்க வைத்துக் கிளம்புங்கள். கிளம்பும்போதே மருத்துவரைக் கூப்பிட்டு விஷமுறி மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணாடி விரியன் கடித்த இடம் வேகமாக வீங்கும், கட்டு விரியன் கடி கண்ணுக்கே தெரியாது; அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஒகேனக்கல்லில் ஆற்றில் இறக்காதீர்கள். இழுப்பும் அதிகம், முதலையும் உண்டு. கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை பொங்கும் நாட்களில் அந்தத் தண்ணீரை நக்கவே விடக் கூடாது. எங்கே போனாலும் வீட்டுத் தண்ணீர் இரண்டு லிட்டரும் ஒரு கிண்ணமும் வண்டியில் இருக்கட்டும். அதோடு ஒரு பையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், பொவிடோன் அயோடின், அரை லிட்டர் சலைன், முள்ளெடுக்கும் இடுக்கி, துண்டு, டார்ச், கூடுதல் கயிறு ஒன்று, தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் இருக்கட்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால், தூக்கும் முன் காஸ் துணியால் வாயைத் தளர்வாகக் கட்டுங்கள். வாந்தி எடுக்கிற நாய்க்கும் இளைக்கிற நாய்க்கும் மட்டும் அப்படிக் கட்டக் கூடாது.